வாசகர் கேள்வி – பதில்: பாரிஸ் திரைப்படப் பூங்காவை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை நெருங்குவதால் இம்மாதம் பயணம் பற்றிய கடிதங்களே மிகுதியாக வந்துள்ளன. அவற்றிலும் பெரும்பாலானவை பாரிஸ் நகருக்குக் கிழக்கே, மார்ன் லா வல்லேயில் உள்ள டிஸ்னிலேண்ட் பூங்காவைப் பற்றியவை. பிரான்சின் பகுதியான ரீயூனியனில் இருப்பவர்களுக்கு அது சொந்த நாட்டுக்குள் செய்யும் பயணம். மொரிசியஸ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் குறுகிய காலம் தங்கிவர விசா தேவையில்லை. ஆகவே பாரிஸில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகும் நம் குடும்பங்கள், பிள்ளைகளுக்காக ஓரிரு நாள்களை இந்தப் பூங்காவுக்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. கடிதங்களைச் சுருக்கித் தந்து, ஒவ்வொன்றுக்கும் இயன்றவரை விரிவாக விடை எழுதுகிறேன்.

சேன் ஆந்த்ரே, ரீயூனியன் – ஒரு வாசகி

*ஜனவரி நடுவில் இரண்டு நாள் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஆறு. என் மாமியாரும் உடன் வருகிறார். மகன் ரோலர் கோஸ்டர்களின் பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறான். அதன்படி ஓடினால் மாமியாரும் மகளும் நாள் முழுவதும் ஏதாவது ஒரு வாசலில் காத்துக்கொண்டிருக்க வேண்டிவரும் என்று அஞ்சுகிறேன். எல்லோரும் சேர்ந்து பார்க்க வழி உண்டா?*

வழி உண்டு. மகனின் பட்டியலைத் தள்ளிவிட வேண்டாம். அதையே பூங்காவின் பகுதிவாரியாகப் பிரித்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள். 1992 ஏப்ரல் 12 அன்று திறக்கப்பட்ட முதல் பூங்கா ஐந்து தனித்தனி உலகங்களாக அமைந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமும் ஒரு நிலப்பரப்பும் ஒரு கதையும் உண்டு. சவாரிகள் அந்தக் கதைக்குள் அடங்கியவை. சவாரிக்குச் சவாரி ஓடுபவர்கள் ஒரே நாளில் பூங்காவைப் பலமுறை குறுக்கே கடந்து கால் வலியைத்தான் சம்பாதிக்கிறார்கள். ஓர் உலகத்துக்குள் நுழைந்தால் அதை முழுவதும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்று முடிவு செய்துகொண்டால், சவாரி செய்பவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஒரே இடத்தில் வேலை இருக்கும்.

அமைப்பு எளிமையானது. நுழைந்ததும் 1900ஆம் ஆண்டையொட்டிய அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு வருகிறது. அதன் பெயர் மெயின் ஸ்ட்ரீட். தெரு முடியும் இடத்தில் நடுச்சதுக்கம், எதிரே கோட்டை. சதுக்கத்தில் கோட்டையைப் பார்த்து நின்றால் இடப்புறம் மேற்கு அமெரிக்காவின் தங்கச் சுரங்க ஊரான ஃபிரான்டியர்லேண்டும், அதையடுத்து கடற்கொள்ளையரும் புதையலும் நிறைந்த அட்வென்சர்லேண்டும் இருக்கின்றன. கோட்டைக்குப் பின்னால் தேவதைக் கதைகளின் ஃபேன்டஸிலேண்ட். வலப்புறம் டிஸ்கவரிலேண்ட்.

முதல் நாள் காலையில் இடப்புறம் திரும்புங்கள். ஃபிரான்டியர்லேண்டின் ஏரி நடுவே செம்மண் நிறத்தில் ஒரு பாறை மலை நிற்கிறது. பிக் தண்டர் மவுண்டன் என்னும் சுரங்க ரயில் சவாரி அந்த மலையில்தான் நடக்கிறது. ஆனால் ரயில் ஏறும் நிலையம் கரையில் இருக்கிறது. புறப்பட்ட சில நொடிகளில் ரயில் இருட்டான சுரங்கத்துக்குள் பாய்ந்து, ஏரிக்கு அடியிலேயே சென்று, தீவில் வெளியே வருகிறது. அதே ஏரியில் பழைய பாணி நீராவிப் படகு ஒன்று மலையைச் சுற்றி மெதுவாக வலம் வருகிறது. மகன் ரயிலில் இருக்கும் நேரத்தில் மாமியார் படகின் மேல்தளத்தில் அமர்ந்து, பேரன் போகும் ரயில் பாறை இடுக்கிலிருந்து வெளிவந்து மறைவதைப் பார்க்கலாம். இந்த ரயிலுக்கு உயர வரம்பு 1.02 மீட்டர், ஆறு வயது மகள் பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்பாள். அவளுக்குப் பயமில்லையென்றால் அண்ணனுடன் அனுப்பலாம், பயமிருந்தால் படகே போதும்.

மதியத்துக்கு மேல் அட்வென்சர்லேண்ட். இதை நான் நம் தீவுப் பிள்ளைகளுக்கென்றே பரிந்துரைப்பேன். சேன் போல் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் லா பூஸ் என்னும் கொள்ளையன் பெயரில் காட்டப்படும் கல்லறையைப் பார்க்காத ரீயூனியன் பிள்ளை அரிது. 1730இல் நம் தீவில்தான் அவன் தூக்கிலிடப்பட்டான், அவன் புதையலைத் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்குள்ள கொள்ளையர் கோட்டைக்குள் படகில் போகும்போது அடையும் மகிழ்ச்சி தனி. அந்தச் சவாரிக்கு உயர வரம்பு இல்லை. இருட்டும் சிறு சரிவுகளும் உண்டு என்பதை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே வந்தால் மண்டையோட்டு வடிவப் பாறை, கொள்ளையர் கப்பல், தொங்கு பாலம், குகைகள், மரத்தின் மேல் கட்டிய வீடு ஆகியவை கொண்ட தீவு ஒன்று இருக்கிறது. வரிசை கிடையாது, நேரம் கிடையாது, பிள்ளைகள் தாங்களாகவே நடந்து கண்டுபிடிக்க வேண்டிய இடம். இதற்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். பூங்காவுக்குப் போய்வந்த பல குடும்பங்கள் இந்தத் தீவுக்குள் கால் வைக்காமலே திரும்பியிருக்கின்றன என்று கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் நாளைக் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். கோட்டையை வாயில் வளைவாக மட்டும் எண்ணிக் கடந்துவிடக் கூடாது. மாடியில் உறங்கும் அழகியின் கதையை வண்ணக் கண்ணாடிகளாலும் திரைச்சீலைச் சித்திரங்களாலும் சொல்லும் கூடம் இருக்கிறது. அடித்தளத்தில் ஒரு குகை. அதில் இருபது மீட்டருக்கும் மேல் நீளமுள்ள டிராகன் ஒன்று சங்கிலியால் கட்டுண்டு படுத்திருக்கிறது. முதலில் அசைவில்லாமல் கிடக்கும். கொஞ்ச நேரம் நின்றால் மூச்சு விடும், கண் திறக்கும், தலையைத் தூக்கி உறுமும், மூக்கிலிருந்து புகை வரும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். அதன்பின் ஃபேன்டஸிலேண்டின் புதர்வேலி மாயவழி, சிறுவர் சவாரிகள், பிற்பகலில் டிஸ்கவரிலேண்ட் என்று போனால் மகனின் பட்டியலும் முடிந்துவிடும்.

ஜனவரி நடுப்பகுதி நல்ல தேர்வு. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பிரான்சின் பெருநிலப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கோ விடுமுறை நீடிக்கும். டிசம்பர் கடைசி இரு வாரங்களில் இருக்கும் நெரிசல் அப்போது இருக்காது. ஆனால் கூட்டம் குறைந்த இந்தக் காலத்தில்தான் பராமரிப்புக்காகச் சில சவாரிகளை மூடுவார்கள். எவை மூடியிருக்கும் என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்த பிறகே நாளை முடிவு செய்யுங்கள். குளிரை எளிதாக எண்ண வேண்டாம். சிலாவோஸ் மலையில் போடும் மேற்சட்டை அங்கே போதாது. உள்ளே ஒட்டிய கம்பளி, அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத கோட்டு, கையுறை, காதை மூடும் தொப்பி எல்லாம் வேண்டும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்று மணி பின்தங்கியிருப்பதால் பிள்ளைகள் விடியுமுன்பே விழித்துக்கொள்வார்கள், மாலை ஆறு மணிக்கே கண் சொக்கும். ஆகையால் திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருந்துவிட்டு, மதியம் ஏதேனும் உள்ளரங்கில் ஓய்வெடுக்க வையுங்கள்.

ரோஸ்ஹில், மொரிசியஸ் – கட்டடக்கலை படிக்கும் மாணவர்

*சினிமாவிலும் அரங்க அமைப்பிலும் எனக்கு ஆர்வம் அதிகம். நண்பர்களோ, "அங்கே இருப்பதெல்லாம் சிமெண்டும் பெயிண்டும்தான், குழந்தைகளுக்கான இடம்" என்கிறார்கள். படிக்கிற கண்ணோடு போகிறவன் எதைக் கவனிக்க வேண்டும்?*

சிமெண்டும் பெயிண்டும்தான், அவற்றைக் கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் நீங்கள் போக வேண்டும். 1955இல் கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் எழுந்தபோது அதை வரைந்தவர்களில் பலர் திரைப்பட நிறுவனங்களில் கலை இயக்குநர்களாகவும் ஓவியர்களாகவும் பணியாற்றியவர்கள். படப்பிடிப்புக்குப் போடும் அரங்கம் கேமரா பார்க்கும் ஒரு கோணத்துக்கு, சில நாள்களுக்கு, உண்மையாகத் தோன்றினால் போதும். இங்கே பார்வையாளர் எந்தப் பக்கமிருந்தும் வருவார், கை வைத்துத் தடவிப் பார்ப்பார். மழையும் பனியும் ஆண்டுக்கணக்கில் அதன்மேல் விழும். அந்தச் சோதனையைத் தாங்கும்படி சினிமாக் கலையைக் கட்டடக்கலையாக மாற்றியதுதான் இவர்களுடைய சாதனை.

மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று ஒரு கடையின் தரைத்தளக் கதவையும் மேல்மாடி ஜன்னலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே போகப் போக அளவு சுருங்கும். போர்ட் லூயிஸ் கைலாசன் கோவில் கோபுரத்தில் நிலைக்கு நிலை சிற்பங்களும் மாடங்களும் சிறுத்துக்கொண்டே போய் உயரத்தைக் கூட்டிக் காட்டுகின்றன அல்லவா, அதே கணக்குத்தான் இது. கோட்டையிலும் இதைக் காணலாம். கோட்டையைச் சுற்றியுள்ள மரங்களைச் சதுரமாக வெட்டி வளர்க்கிறார்கள். 1959இல் வெளிவந்த உறங்கும் அழகி படத்தின் பின்னணி ஓவியங்களில் மரங்கள் அப்படித்தான் கோணக் கோணமாக இருக்கும். ஐரோப்பாவில் உண்மையான கோட்டைகள் நிறைய இருப்பதால், அவற்றோடு போட்டியிடாமல் சித்திரத்திலிருந்து எழுந்து வந்ததைப் போன்ற கோட்டையைக் கட்ட வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். பிரான்சிலேயே போய் ஒரு கற்பனைக் கோட்டையைக் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான விடை இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

அடுத்து, ஓர் உலகத்திலிருந்து மற்றோர் உலகத்துக்குப் போகும் எல்லைகளில் மெதுவாக நடந்து பாருங்கள். காலடித் தளத்தின் நிறமும் சொரசொரப்பும் மாறும். ஒலிபெருக்கி இருக்கும் இடமே தெரியாமல் வந்துகொண்டிருந்த இசை தேய்ந்து இன்னோர் இசை எழும். விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, வழிகாட்டிப் பலகையின் எழுத்து எல்லாமே வேறாகிவிடும். பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பி மரங்களை நட்டிருப்பதால் உள்ளே நிற்பவர் கண்ணுக்கு வெளியுலகம் பெரும்பாலும் தென்படாது. ஒரு காட்சி மங்கி அடுத்தது தெளியும் திரைப்பட உத்தியை நடக்கிறவனின் உடம்புக்கு உணர்த்துவது எப்படி என்பதற்கு, நான் பார்த்தவற்றுள் இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனால் உங்களைப் போன்றவர் அதிக நேரம் செலவிட வேண்டியது ஃபிரான்டியர்லேண்டில். அந்தப் பகுதி முழுவதும் ஒரே கதை. தண்டர் மீசா என்பது ஊரின் பெயர். ரேவன்ஸ்வுட் என்னும் செல்வந்தர் எதிரே தெரியும் மலையில் தங்கம் எடுத்துப் பணம் சேர்த்தார். குன்றின் மேல் மாளிகை கட்டினார். மகளின் திருமணம் அந்த வீட்டில் துயரத்தில் முடிந்தது. இன்று நாம் காணும் ஃபேன்டம் மேனர் என்னும் பேய் மாளிகை அந்த வீடுதான். மலையில் ரயில் சவாரி, குன்றில் பேய் வீடு, பக்கத்தில் கல்லறைத் தோட்டம், இடையே மதுக்கூடமும் கடைகளும் என்று தனித்தனியாகத் தோன்றுபவை எல்லாம் ஒரே குடும்பத்தின் வரலாற்றில் கோக்கப்பட்டிருக்கின்றன. யாரும் இதை மேடையேறிச் சொல்வதில்லை. கல்லறைகளில் பொறித்திருப்பதையும் சுவர்களில் மாட்டிய படங்களையும் வாசித்துக்கொண்டு நடப்பவருக்குக் கதை தானாக விளங்கும்.

மாளிகைக்குள் நுழைந்தவுடன் எண்கோண அறை ஒன்றில் நிறுத்துவார்கள். சுவரில் அழகான ஓவியங்கள் இருக்கும். கதவு மூடியதும் அவை மெல்ல நீளத் தொடங்கி, மேல்பாதியில் தெரியாத ஆபத்தை அடிப்பாதியில் காட்டும். உண்மையில் நீங்கள் நிற்கும் தளமே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பின்னர் வரும் நடனக் கூடத்தில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய உருவங்கள் தோன்றி மறைகின்றன. அது திரையோ ஒளிப்படமோ அன்று. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிப் புகழ்பெற்ற உத்தி: உங்களுக்கும் கூடத்துக்கும் இடையில் பெரிய கண்ணாடி, உங்கள் பார்வைக்குப் படாத இடத்தில் ஒளியூட்டிய பொம்மைகள், அவற்றின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கூடத்தின் நடுவே நிற்பதைப் போல் தெரிகிறது. சினிமா பிறப்பதற்கு முன்பே பிறந்த கலை இன்றும் பார்ப்பவரை ஏமாற்றுகிறது. இந்த வீட்டை அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள்.

டிஸ்கவரிலேண்டின் பின்னணியையும் தெரிந்துகொண்டு போங்கள். அமெரிக்கப் பூங்காக்களில் இந்த இடத்தில் எதிர்கால உலகம் இருந்தது. ஆனால் எதிர்காலம் என்று கட்டியது சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும் என்னும் தொல்லை அவர்களுக்கு இருந்தது. பாரிஸில், பழங்காலத்து ஐரோப்பியர் கனவு கண்ட எதிர்காலத்தைக் கட்டினார்கள். லியோனார்டோ டாவின்சி, ஜூல் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ் ஆகியோரின் கற்பனையே அந்தப் பகுதிக்கு அடிப்படை. பித்தளை நிறம், ஆணியடித்த இரும்புத் தகடுகள், அரங்கின் முகப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆகாயக் கப்பல், குளத்தில் மிதக்கும் நாட்டிலஸ் நீர்மூழ்கி என்று எதுவும் காலத்தால் பழசாகாத வகையில் அமைந்திருந்தது. 1995இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன், வெர்ன் 1865இல் எழுதிய நிலவுப் பயண நாவலில் வரும் பீரங்கியைக் கொண்டே பயணிகளை மேலே ஏற்றியது. 2017 முதல் அதே சவாரிக்குள் ஸ்டார் வார்ஸ் கதை ஓடுகிறது. சவாரி விறுவிறுப்பாகவே இருக்கிறது. ஆயினும் ஒரு முழு உலகமாகச் சிந்தித்துக் கட்டிய பகுதியின் நடுவே வேறொரு கதையைக் கொண்டுவந்து வைத்தது சரியான முடிவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்லவேளையாகப் பீரங்கி இன்னும் வெளிப்புறத்தில் அப்படியே சாய்ந்து நிற்கிறது. நாட்டிலஸுக்குள் இறங்கி நடந்துவிட்டு வந்து அதை அண்ணாந்து பார்த்தால், முதலில் வரைந்தவர்களின் எண்ணம் உங்களுக்குப் பிடிபடும்.

போர்ட் லூயிஸ் – ஓய்வுபெற்ற ஆசிரியர்

*மகள் குடும்பம் என்னையும் அழைக்கிறது. எனக்கு முழங்கால் வலி. வேகமான எதிலும் ஏற மாட்டேன். என்னால் அவர்களுக்குச் சிரமம் என்று தயங்குகிறேன். போவதில் பொருள் உண்டா?*

ஐயா, தயங்காமல் போய்வாருங்கள். மேலே இரண்டு விடைகளில் நான் எழுதியவற்றில் பெரும்பகுதி நடந்தும் நின்றும் அமர்ந்தும் பார்க்கிறவர்களுக்கு உரியது. சக்கர நாற்காலியை நுழைவாயில் அருகே வாடகைக்குத் தருகிறார்கள்; கூச்சப்படாமல் காலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வலி வந்தபின் எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் மதியத்துக்குள் களைத்துவிடுவீர்கள்.

பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது. மெயின் ஸ்ட்ரீட்டில் ஏறினால் ஃபிரான்டியர்லேண்டுக்குப் போகும் வழியில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் சூரிய உதயம் முதல் இரவு வரை காட்டும் நீண்ட காட்சிக்கூடத்தின் ஊடே செல்லும். நடந்து போகிறவர்களுக்கு அது தென்படவே தென்படாது. அட்வென்சர்லேண்டில் கொள்ளையர் சவாரி நடக்கும் கட்டடத்துக்குள்ளேயே ஓர் உணவகம் இருக்கிறது. செயற்கை இரவும் விளக்கொளியுமாக இருக்கும் அந்த நீர்க்கரையில் அமர்ந்து சாப்பிடும்போது, படகுகள் பக்கத்திலேயே மிதந்து போகும். பேரப்பிள்ளைகள் படகிலிருந்து கையசைக்கலாம். மேசையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

மழையோ குளிரோ மிகுந்தால் மெயின் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் கடைகளுக்குப் பின்னால் கூரையிட்ட நடைகூடங்கள் உள்ளன. பாரிஸ் வானிலையை எண்ணிக் கட்டியவை. ஃபிரான்டியர்லேண்ட் பக்கத்துக் கூடத்தில் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு அளித்த சுதந்திர தேவி சிலையைப் பற்றிய காட்சியும், எதிர்ப்பக்கக் கூடத்தில் புதுக்கண்டுபிடிப்புகளின் மாதிரிகளும் இருக்கின்றன. ஆசிரியராக இருந்த உங்களுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது.

ரீயூனியன் வாசகர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு: உங்கள் வீட்டு முதியவரிடமோ மாற்றுத்திறனாளியிடமோ தீவில் வழங்கிய பிரெஞ்சு ஊனமுற்றோர் அட்டை இருந்தால் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பூங்காவின் முன்னுரிமை வசதியைக் கேட்கும்போது அது உதவும்.

டர்பன், தென்னாப்பிரிக்கா – ஒரு வாசகர்

*எங்களுக்குப் பிரான்ஸ் செல்ல விசா வாங்க வேண்டும், செலவும் அதிகம். துபாயில் உள்ள திரைப்படப் பூங்கா போதாதா? சிலர் ஜோஹன்னஸ்பர்க் கோல்ட் ரீஃப் சிட்டியே போதும் என்கிறார்கள்.*

எதைத் தேடிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துபாயின் மோஷன்கேட் 2016 டிசம்பரில் திறந்தது. ட்ரீம்வொர்க்ஸ், கொலம்பியா பிக்சர்ஸ், லயன்ஸ்கேட் ஆகிய நிறுவனங்களின் படங்களையும் ஸ்மர்ஃப் கிராமத்தையும் பகுதிகளாகக் கொண்டது. டர்பனிலிருந்து நேராக விமானம் இருப்பது பெரிய வசதி. ட்ரீம்வொர்க்ஸ் பகுதி முழுவதும் குளிரூட்டிய கூரைக்குள் இருப்பதால் வெயில் காலத்திலும் சிறுபிள்ளைகளோடு நிம்மதியாகச் சுற்றலாம். ஷ்ரெக், குங்ஃபூ பாண்டா போன்ற படங்களைப் பிள்ளைகள் விரும்புவார்களானால் துபாயே போதும். அதற்காகப் பாரிஸ் வரை போகத் தேவையில்லை.

கோல்ட் ரீஃப் சிட்டி வேறு வகை. அது சினிமாவிலிருந்து வந்ததன்று. மெய்யாகவே தங்கம் எடுத்த கிரவுன் மைன்ஸ் சுரங்கத்தின் 14ஆம் எண் குழி இருந்த நிலத்தில் எழுந்தது, அந்தச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றும் காட்டுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் அதை முதலில் பார்த்துவிட்டுப் பின்னொரு நாளில் பாரிஸில் உள்ள கற்பனைத் தங்கச் சுரங்க ஊருக்குப் போவார்களானால், எது வரலாறு, எது கதை, கதை வரலாற்றிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, உழைத்தவர்களின் துன்பத்தில் எதை விட்டுவிட்டது என்றெல்லாம் அவர்களோடு பேச நல்ல வாய்ப்பு அமையும். விசாவைப் பொறுத்தவரை, விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் நாள் கிடைப்பது கடினம். ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

சேன் பியேர், ரீயூனியன் – ஏழாம் வகுப்பு மாணவி

*இரண்டாவது பூங்காவுக்கும் போக வேண்டுமா? என் தோழி அது சிறியது, அரை நாளில் முடிந்துவிடும் என்கிறாள். எனக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஐந்து வயது.*

அன்புள்ள மாணவிக்கு, உன் தோழி சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. 2002 மார்ச்சில் அந்தப் பூங்கா திறந்தபோது, படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று காட்டுவதையே பொருளாகக் கொண்டிருந்தது. பெரிய கொட்டகைகளும் வெற்று வெளிகளுமாக இருந்தன. பார்க்க வந்தவர்கள் சினிமாக் கொட்டகையின் பின்புறத்தைக் காட்டிலும் கதைக்கு உள்ளே போகத்தான் விரும்பினார்கள். அதைப் புரிந்துகொண்டு சிறிது சிறிதாக அதை மாற்றி வருகிறார்கள். 2010இல் ‘டாய் ஸ்டோரி’ என்னும் பொம்மைகளின் படத்துக்கு ஒரு தோட்டம் வந்தது. அங்கே உயர்ந்த மூங்கில்களைப் புல்லாக வைத்து நம்மைப் பொம்மை அளவுக்குச் சுருங்கியவர்களாக உணரச் செய்கிறார்கள். 2022 ஜூலையில் அவெஞ்சர்ஸ் பகுதி வந்தது. ஃப்ரோசன் படத்தின் ஊரும் புதிய ஏரியும் சேர்ந்த பகுதிக்குத் திறப்பு நாளாக 2026 மார்ச் 29 அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பெயரையும் டிஸ்னி அட்வென்சர் வேர்ல்ட் என்று மாற்றுவதாக அத்துடன் அறிவித்தார்கள். ஆகவே அரை நாள் கணக்கு இனிப் பொருந்தாது. ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளச் சொல்.

நீயும் தம்பியும் சேர்ந்து பார்க்க, ‘ரட்டட்டூயி’ படத்தில் வரும் எலிச் சமையல்காரன் ரெமியின் பகுதியை நான் முதலில் சொல்வேன். 2014இல் திறந்தது. பாரிஸ் நகரச் சதுக்கம் ஒன்றுக்குள் நுழைந்து, கூரைகளின் மேல் ஏறி, அங்கிருந்து சமையலறைக்குள் விழுந்து, எலியின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கிறோம். வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது. தரையில் வழுக்கிக்கொண்டு தானாகத் திரும்பித் திரும்பிப் போகும், பக்கத்து வண்டி வேறு வழியில் ஓடும். உயர வரம்பும் கிடையாது. ஒட்டியுள்ள உணவகத்தில் நாற்காலிகளைப் பார்: ஷாம்பெயின் பாட்டில் தக்கையின் மேல் சுற்றியிருக்கும் கம்பிக்கூடும் உலோக மூடியும் பெரிதாகி நாற்காலியாகியிருக்கும். தடுப்புச் சுவர்களெல்லாம் நிமிர்த்தி வைத்த சாப்பாட்டுத் தட்டுகள். உட்காரும்போது நீயும் எலி அளவுதான்.

உயர வரம்புள்ளவற்றில் கடலாமைச் சவாரிக்கு 1.07 மீட்டரும், பொம்மைத் தோட்டத்தின் கார் சவாரிக்கும் அவெஞ்சர்ஸ் ரோலர் கோஸ்டருக்கும் 1.20 மீட்டரும் வேண்டும். தம்பியை வீட்டிலேயே அளந்து பார்த்து, எதில் ஏற முடியாது என்பதை அவனிடம் இப்போதே சொல்லிவிடு. வரிசையில் நின்றபிறகு திருப்பி அனுப்பினால் அழுவான். அம்மாவும் அப்பாவும் ஒருவர் மாற்றி ஒருவர் தம்பியுடன் நின்று, இருவரும் தனித்தனியாக ஏறும் வசதி உண்டு. இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சவாரி வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்.

குவாத்ர் போர்ன், மொரிசியஸ் – ஒரு வாசகி

*நாங்கள் சுத்த சைவம். விரத நாளும் இடையில் வருகிறது. உள்ளே என்ன சாப்பிடுவது? விமான நிலையத்திலிருந்து நேராகவே பூங்காவுக்குப் போய்விடலாமா?*

சைவ உணவு வகைகள் பல உணவகங்களில் உண்டு. பூங்காவின் செயலியில் ஒவ்வோர் உணவகத்தின் பட்டியலையும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது நம் வீட்டுச் சைவம் ஆகாது. முட்டை, பாலாடைக்கட்டி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; ஒரே எண்ணெயில் மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பழம், ரொட்டி, சிற்றுண்டி போன்றவற்றைக் கையில் கொண்டுபோவதைத் தடுப்பதில்லை. விரத நாளில் முழுக் கட்டுப்பாட்டோடு இருக்க விரும்பினால் அன்று பூங்காவை வைத்துக்கொள்ளாமல், உறவினர் வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் போவதே நல்லது.

சார்ல் தெ கோல் நிலையத்தில் இறங்குபவர்களுக்கு, அங்கிருந்தே பூங்கா வாசலில் உள்ள மார்ன் லா வல்லே – ஷெஸ்ஸி நிலையத்துக்கு அதிவேக ரயில் உண்டு. ஓடும் நேரம் பத்து நிமிடம்தான். எனினும் எல்லா நேரத்திலும் வண்டி இராது, ஆதலால் அட்டவணையைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். பாரிஸ் நகருக்குள் தங்குபவர்கள் ஆர்.ஈ.ஆர். ஏ என்னும் புறநகர் ரயிலில் ஏறினால், நகர நடுவிலுள்ள ஷாத்தலேயிலிருந்து ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் அதே நிலையத்தில் இறங்கலாம். பதினொரு மணி நேரம் இரவு விமானத்தில் வந்த அன்றே பிள்ளைகளை உள்ளே அழைத்துச் செல்ல வேண்டாம். அன்று தங்குமிடத்தில் பெட்டிகளை வைத்துவிட்டுத் தூங்க வையுங்கள்.